சீனாவில் அவசரப் பசிக்கு ஹலால்: நூடுல்ஸ் கடையா, சிக்கன் கடையா, சைவக் கடையா?

குவாங்சோ கண்காட்சிக்குச் சரக்குப் பார்க்கப் போகிற வியாபாரிகள், மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோர், ஷாங்காயில் விமானம் மாறுகிறவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அதற்கு யாராவது ஒரு நண்பர் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இரண்டு வேலைகளுக்கு நடுவே அரை மணி நேரம் கிடைக்கும்போது எந்தக் கடைக்குள் நுழைவது என்பதுதான் பிரச்சினை.

பலர் கிளம்பும் முன்பே இரண்டில் ஒரு முடிவை எடுத்துவிடுகிறார்கள். ஒரு சாரார் "கோழிதானே, பன்றி இல்லையே" என்று கே.எஃப்.சி.க்குள் போய்விடுகிறார்கள். இன்னொரு சாரார் எதையும் நம்பாமல் அவல், உப்புமா மிக்ஸ், ஊறுகாய் என்று பெட்டியில் பாதியை நிரப்பிக்கொண்டு போய், வந்த நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை ஹோட்டல் அறைக் கெட்டிலோடு மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஒரு கோடிக்கும் அதிகமான ஹுய் முஸ்லிம்களும், ஏறத்தாழ அதே அளவு வடமேற்கு ஷின்ஜியாங் பகுதியின் உய்குர் முஸ்லிம்களும் வாழும் நாடு அது. அவர்களும் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கும் அவசரமாகப் பசிக்கிறது. அவர்கள் சாப்பிடும் கடையில் போய்ச் சாப்பிடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் எல்லா ஊரிலும் எல்லா நேரத்திலும் அது வாய்க்காது. அதனால் மற்ற வழிகளையும் எடை போட்டுத்தான் ஆக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது நம்பிக்கை. பன்றி இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு இதை முடித்துவிட முடியாது. பிஸ்மி சொல்லி அறுத்த கறியா, பன்றிக் கொழுப்பில் வதக்கினார்களா, சமையல் மது ஊற்றினார்களா, அதே கடாயில் சற்று முன்பு என்ன வெந்தது என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. கறியின் வாடை போக 'லியாவ்ஜியு' என்ற சமையல் மதுவை ஒரு கரண்டி ஊற்றுவது அங்கே நாம் இஞ்சி பூண்டு விழுது போடுவதுபோலச் சாதாரணம். கீரை வதக்கலில்கூட மணத்துக்காகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. "பன்றி வேண்டாம்" என்று சொன்னால் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அதே தட்டை நீட்டும் சமையல்காரர்கள் உண்டு. அதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஹலால் அவ்வளவுதான். இன்னொன்று: மெனுவில் வெறுமனே 'ரோ', அதாவது கறி, என்று போட்டிருந்தால் அது பன்றிதான். மாடு என்றால் 'நியூரோ', ஆடு என்றால் 'யாங்ரோ' என்று தனியாகச் சொல்வார்கள்.

அடுத்தது, கடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எந்நேரம் திறந்திருக்கிறது என்பது. பதினைந்து யுவான் நூடுல்ஸுக்கு நாற்பது யுவான் டாக்ஸியில் போனால் அது மலிவான சாப்பாடு ஆகாது. அப்புறம் மொழி: ஆள் பேசாமல், படத்தைத் தொட்டுக் காட்டி முடிக்க முடிகிறதா? கடைசியாக, நாக்கு. ஒரு வேளைக்குச் சரிப்படுவது ஒரு வாரத்துக்குச் சரிப்படாது.

அடையாளத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனா முழுவதுக்கும் பொதுவான ஹலால் சட்டம் கிடையாது. அப்படி ஒன்றைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பேச்சு நடந்து, 2016 வாக்கில் அது கைவிடப்பட்டது. மாகாணங்களும் நகரங்களும் தங்கள் தங்கள் விதிப்படி உரிமம் கொடுக்கின்றன. எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது ஹலாலைக் குறிக்கும் 'சிங்ஜென்' (清真) என்ற இரண்டு சீன எழுத்துகள்தான். பழைய பயணக் குறிப்புகள் "அரபியில் ஹலால் என்று எழுதிய பச்சைப் பலகையைத் தேடுங்கள்" என்று சொல்லும். 2018, 2019 காலகட்டத்தில் பெய்ஜிங் உட்படப் பல இடங்களில் கடைப் பலகைகளிலிருந்து அரபி எழுத்தையும் பிறை போன்ற அடையாளங்களையும் அதிகாரிகள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அரபியைத் தேடிக்கொண்டு நடந்தால் நல்ல ஹலால் கடையைத் தாண்டியே போய்விடுவீர்கள். அந்த இரண்டு சீன எழுத்துகளைப் படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப் அங்கே கைகொடுக்காது. காவ்தே, அதாவது ஏமேப், என்ற வரைபட ஆப்பில் அந்த எழுத்துகளை ஒட்டித் தேடினால் பக்கத்துக் கடைகள் வரிசையாக வந்து நிற்கும்.

## லான்ஜோ நூடுல்ஸ் கடை

சீனாவின் உண்மையான ஹலால் துரித உணவு இதுதான். கையால் இழுத்த நூடுல்ஸ், மாட்டு எலும்புச் சாறு, மேலே நாலைந்து கறித் துண்டு. கன்சு மாகாணத்து லான்ஜோ நகரில் பிறந்தது. ஆனால் நாடு முழுக்கப் பரவிய 'லான்ஜோ லாமியன்' பலகைகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் லான்ஜோக்காரர்கள் இல்லை. பக்கத்துச் சிங்ஹாய் மாகாணத்தின் ஹுவாலோங் வட்டாரத்து முஸ்லிம்கள். குடும்பமாக வந்து ஒரு சின்னக் கடையை எடுத்து, கணவர் மாவு இழுக்க, மனைவி முக்காடோடு கல்லாவில் இருக்க, பிள்ளை மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். தெற்கே ஷென்ஜென் வரை போனாலும் பல குடியிருப்புப் பகுதிகளில் நடந்து போகும் தூரத்தில் இப்படி ஒரு கடை தட்டுப்படும்.

வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் சமையல் மேடைப் பக்கம் நில்லுங்கள். எண்ணெய் தடவிய மாவுத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார், மடிக்கிறார், மறுபடி இழுக்கிறார். ஒவ்வொரு மடிப்பிலும் இழை இரட்டிப்பாகிறது. எட்டாவது மடிப்பில் 256 இழை. மீந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொதிக்கும் அண்டாவில் வீசுகிறார். ஓரிரு நிமிடம். கிண்ணத்தில் சாறு, முள்ளங்கி வில்லை, ஒரு பிடி கொத்தமல்லியும் பூண்டுத் தழையும், ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். பணம் கட்டிவிட்டு உட்கார்வதற்குள் பெயர் கூப்பிடுகிற வேகம். பர்கர் கடையில் வரிசையில் நிற்கும் நேரம்கூட ஆகாது.

நம்பிக்கை என்ற அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். உரிமையாளரும் முஸ்லிம், சமைப்பவரும் முஸ்லிம், கடாயில் வேறு கறி ஏறுவதில்லை, பெரும்பாலான கடைகளில் பீர்கூட இருக்காது. வெளியிலிருந்து உணவு கொண்டுவராதீர்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருப்பதும் நல்ல அறிகுறி. விலை 15 முதல் 25 யுவான். ஒரு யுவான் நம் கணக்கில் 12 ரூபாய்க்குச் சற்று மேல். சுவர் முழுக்கப் படம் போட்ட மெனு இருக்கும், தொட்டுக் காட்டினால் போதும். நூடுல்ஸ் ஆகாதவர்களுக்கு 'காய்ஃபான்' உண்டு: சோற்றின் மேல் மாட்டுக்கறி உருளைக்கிழங்கு, அல்லது தக்காளி முட்டை. நம்மவர்கள் பலர் மூன்றாம் நாளிலிருந்து இதற்கு மாறிவிடுகிறார்கள்.

மறைவான செலவுகளும் இல்லாமல் இல்லை. கறி காகிதம்போல மெல்லிசாகத்தான் வரும். கூடுதல் கறிக்குத் தனிக் காசு. மூன்று வேளையும் இதுவே என்றால் சலித்துப்போகும், உப்பும் எண்ணெயும் கூடுதல். பெருநாள் சமயத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார்கள், ஷட்டர் இறங்கியிருக்கும். லான்ஜோவிலேயே சாப்பிடுவதாக இருந்தால் அது காலை உணவு: பேர்போன கடைகள் பல விடிகாலையிலேயே திறந்து மதியம் தாண்டியதும் மூடிவிடும். அங்கே நூடுல்ஸின் கனத்தைக்கூடக் கேட்டு வாங்குவார்கள், தலைமுடிபோல மெல்லியதிலிருந்து பெல்ட் அகலம் வரை.

ஒரு எச்சரிக்கை. 'லான்ஜோ' என்றோ 'மாட்டு நூடுல்ஸ்' என்றோ பலகையில் இருப்பதாலேயே அது ஹலால் ஆகிவிடாது. பெரிய மால்களில் பளபளப்பாக வந்திருக்கும் புதுப் பாணி நூடுல்ஸ் கடைகள், ரயில் நிலையத்து மாட்டு நூடுல்ஸ் சங்கிலிக் கடைகள், 'வடமேற்குச் சமையல்' என்று பெயர் வைத்த உணவகங்கள் ஆகியவற்றில் சிங்ஜென் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்ட உரிமம் தொங்குகிறதா, வேலை செய்பவர்கள் தலையில் வெள்ளைத் தொப்பி இருக்கிறதா, பிரிட்ஜில் பீர் பாட்டில் இருக்கிறதா என்று மூன்றையும் நுழையும்போதே கண்ணால் அளந்துவிடலாம். வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

## ஷின்ஜியாங் உணவகம்

நம் நாக்குக்கு மிக நெருக்கமானது இதுதான். சீரகமும் மிளகாயும் தூவிச் சுட்ட ஆட்டுக்கறிக் கம்பிகள், தந்தூர் அடுப்பில் சுட்ட நான் ரொட்டி, கேரட்டும் ஆட்டுக்கறியும் போட்ட 'போலோ' சோறு, லக்மன் நூடுல்ஸ். நெய்ச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவருக்குப் போலோவைப் பார்த்தால் பாதிக் களைப்பு தீர்ந்துவிடும். பிரியாணி அளவுக்கு மசாலா இருக்காது, கொழுப்பின் ருசிதான் தூக்கலாக இருக்கும்.

ஆனால் துரித உணவு என்ற கணக்கில் இது முழுசாகத் தேறாது. போலோ பெரிய சட்டியில் தயாராக இருந்தால் உடனே வரும். லக்மனுக்கும் கம்பிக் கறிக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பேர்போன 'தாபான்ஜி', அதாவது பெரிய தட்டுக் கோழி, மூன்று நான்கு பேருக்கானது. தனியாகப் போனவர் அதை ஆர்டர் செய்தால் பணமும் வீண், கோழியும் வீண். அந்தக் கோழியைப் பீர் ஊற்றிச் சமைக்கும் வழக்கம் முஸ்லிம் அல்லாதவர் கடைகளில் உண்டு என்பதால் அதைச் சிங்ஜென் இல்லாத கடையில் தொடவே கூடாது.

இன்னொரு நெருடல்: முஸ்லிம் உரிமையாளரின் ஷின்ஜியாங் உணவகங்களிலும் பீர் விற்பது பெரிய நகரங்களில் சாதாரணம். கறி ஹலால்தான், பக்கத்து மேசையில் பாட்டில் திறப்பார்கள். பேணுதலானவர்களுக்கு அங்கே உட்கார மனம் ஒப்பாது. நான் ரொட்டி, ஆட்டுக்கறி அடைத்த 'சம்சா' இரண்டையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். அதுதான் இந்தக் கடையின் உண்மையான அவசரச் சாப்பாடு. அந்த ரொட்டி இரண்டு நாள் தாங்கும், ரயில் பயணத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. கஸாக் உணவகம் என்று தெரிந்தால் குதிரைக்கறியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷாஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பிரிவில், அது கூடும்; ஹனஃபி பிரிவில் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது.

தெருவோர இரவுக் கடைகளில் 'ஆட்டுக்கம்பி' என்று விற்பதை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள். ஒரே அடுப்பில் பன்றியும் சுடுவார்கள் என்பது ஒரு பக்கம். 2013-ல் எலி, நரி இறைச்சியை ஆட்டுக்கறி என்று விற்ற கும்பலைச் சீனக் காவல்துறையே பிடித்தது. மலிவான கம்பிக் கறி மீது உள்ளூர்க்காரர்களுக்கே ஒரு சந்தேகம் உண்டு.

## முஸ்லிம் தெருக்கள்

சில நகரங்களில் ஒரு பேட்டையே நமக்காக இருக்கிறது. ஷியானில் பெரிய பள்ளிவாசலைச் சுற்றிய ஹுய் தெருக்கள், பெய்ஜிங்கில் 996-ல் தொடங்கிய பள்ளிவாசல் உள்ள நியூஜியே, குவாங்சோவில் அரபுகளும் ஆப்பிரிக்கர்களும் புழங்கும் ஷியாவ்பெய், வியாபாரிகள் குவியும் யீவூ. இங்கெல்லாம் ஒவ்வொரு கடையாகச் சோதிக்க வேண்டியதில்லை என்பதுதான் பெரிய நிம்மதி.

ஷியானின் 'ரோஜியாமோ' உலகத்தின் பழைய பர்கர் என்று விளம்பரப்படுத்தப்படுவது. மொறுமொறு ரொட்டிக்குள் கொத்திய கறி, இரண்டு நிமிடத்தில் கையில். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஹுய் தெருவுக்குள் அது மாட்டுக்கறி அல்லது ஆட்டுக்கறி; அந்தப் பேட்டையைத் தாண்டி நூறு மீட்டர் போனால் அதே பெயர், அதே ரொட்டி, உள்ளே பன்றி. சுற்றுலாப் பயணிகள் முட்டி மோதும் பெய்யுவான்மென் தெருவில் விலை அதிகம். பக்கத்துச் சந்துகளிலும், சற்று மேற்கே சாஜின்சியாவ் பக்கத்திலும் உள்ளூர் ஹுய் மக்கள் சாப்பிடுகிறார்கள். அங்கே போங்கள். ஆட்டுச்சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போடும் 'பாவ்மோ' அருமையானதுதான், ஆனால் ரொட்டியை நீங்களே பட்டாணி அளவுக்குக் கிள்ள வேண்டும். ரயிலுக்கு நேரமாகிற அன்று அதில் உட்காராதீர்கள்.

பெய்ஜிங்கில் ஹுகுவோசி என்ற சிற்றுண்டிக் கடைகள் உண்டு. பழைய ஹுய் பலகாரங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடும் முறை. அங்கே 'கழுதை உருளல்' என்று பெயர் கொண்ட இனிப்பைக் கண்டு திடுக்கிட வேண்டாம். வெறும் அரிசி மாவும் பயறு விழுதும்தான். கழுதையைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஹபேய் மாகாணத்தின் பிரபலத் துரித உணவு கழுதைக்கறி வைத்த ரொட்டி. பார்க்க மாட்டுக்கறி ரோஜியாமோ மாதிரியே இருக்கும், பெய்ஜிங் முழுக்கக் கிடைக்கும். நான்ஜிங் போனால் சீஜியாவான் பகுதி ஹுய் மக்களின் மாட்டுக்கறிப் பொரித்த கொழுக்கட்டையைத் தேடிச் சாப்பிடலாம். அதே ஊரின் வாத்து ரத்த நூலப்பச் சாறு நமக்கு ஆகாது.

இந்த வழியின் செலவு தூரம்தான். பெய்ஜிங் வடக்கு மூலையில் கூட்டம் வைத்துக்கொண்டு நியூஜியேவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் அரை நாள் காலி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையோடு சேர்த்துத் திட்டமிட்டால்தான் கட்டுப்படியாகும்.

## கே.எஃப்.சி., மெக்டொனால்ட்ஸ் வகையறா

கே.எஃப்.சி. 1987-ல் பெய்ஜிங்கில் முதல் கடை திறந்தது, மெக்டொனால்ட்ஸ் 1990-ல் ஷென்ஜெனில். இன்று எந்தச் சந்திப்பில் நின்றாலும் ஒன்று கண்ணில் படும். வேகம், சுத்தம், தொடுதிரையில் படத்தோடு ஆர்டர் எல்லாம் பக்கா. ஹலால் மட்டும் இல்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே கடைகள் சான்றிதழோடு நடப்பதைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். சீனாவில் அவை ஹலால் என்று உரிமையே கோருவதில்லை. காலை மெனுவில் கே.எஃப்.சி. பன்றிக்கறிக் கஞ்சி விற்கிறது, மெக்டொனால்ட்ஸ் பன்றி வடை வைத்த மஃபின் விற்கிறது. மேலை நாடுகளில் வேதக்காரர், அதாவது யூதரோ கிறிஸ்தவரோ, அறுத்தது என்ற வகையில் சிலர் எடுத்துக்கொள்ளும் சலுகைக்கு இங்கே அடிப்படையும் கிடையாது. ஆக, கோழியும் போயிற்று. மீன் பர்கர் மட்டும் சாப்பிடுகிறேன் என்பவர்கள் உண்டு. எந்த எண்ணெயில் எதற்குப் பின் பொரிந்தது என்பதைக் கடைப் பையனிடம் சீன மொழியில் விசாரிக்கும் திறமை இருந்தால் செய்யலாம். எனக்கு இந்தக் கடைகள் காபி, குழந்தைக்கு ஐஸ்கிரீம், சுத்தமான கழிப்பறை ஆகிய மூன்றுக்கு மட்டும் பயன்படும். மூன்றும் பயணத்தில் லேசான விஷயமில்லை.

## புத்த சைவ உணவகமும் கடல் உணவும்

கிழக்கு, தெற்கு நகரங்களில் சிங்ஜென் கடை கிடைக்காத வட்டாரத்தில் இது நல்ல மாற்று. புத்த விகாரைகளை ஒட்டிய உணவகங்களில் கறியும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை, மதுவும் புழங்குவதில்லை. ஷாங்காயில் 1922-ல் தொடங்கிய குங்தலின், ஜேட் புத்தர் கோயிலின் காளான் நூடுல்ஸ் போன்றவை பிரபலம். கோயில் நூடுல்ஸ் கடை வேகமானது, விலையும் குறைவு. பெயர் போன உணவகங்கள் அப்படியில்லை. அங்கே உட்கார்ந்தால் நேரமும் பணமும் போகும்.

மெனுவில் 'வாத்து', 'பன்றி விலா' என்றெல்லாம் படம் இருக்கும். எல்லாம் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த போலிக் கறி. மார்க்கப்படி தடையில்லை என்றாலும் பன்றி என்று பெயர் போட்டதை வாயில் வைக்க எல்லோருக்கும் மனம் வராது. வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் என்பதால் நமக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். புத்த உணவகமாக இல்லாமல், சாதாரணக் கடையில் 'சைவத் தட்டு' என்று கேட்டு வாங்குவது வேறு கதை. பன்றிக் கொழுப்பும் சிப்பிச் சாறும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மாபோ டோஃபுவில் மேலே தூவியிருப்பது கொத்திய கறி என்பது பலருக்குத் தெரிவதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்து ஷாஃபிகளுக்குக் கடல் உணவு இன்னொரு கதவு. நண்டு, கணவாய், சிப்பி எதுவும் தடையில்லை. ஹுய் மக்கள் பெரும்பாலும் ஹனஃபிகள் என்பதால் அவர்கள் கடையில் நண்டு கிடைக்காது; சாதாரணக் கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே கடாயும் சமையல் மதுவும் மறுபடி கேள்வியாகிவிடும். முழு மீனை இஞ்சி வைத்து ஆவியில் வேகவைத்துக் கேட்பது கடாய்ச் சிக்கலைத் தாண்டும் வழி. மதுவுக்கு மட்டும் முன்கூட்டியே "வேண்டாம்" என்று எழுதிக் காட்டிவிடுங்கள். இது உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு, அவசரத்துக்கு உதவாது.

## பல்கலைக்கழகக் கேன்டீன், டெலிவரி ஆப், பெட்டிச் சாப்பாடு

இவை மூன்றும் துணை வழிகள்தான். சீனாவின் பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் சிங்ஜென் கேன்டீன் அல்லது ஒரு தனிக் கவுன்டர் உண்டு. 10, 15 யுவானில் சோறும் இரண்டு பதார்த்தமும். பிள்ளை அங்கே படித்தால் அவருடைய அட்டையில் சாப்பிடலாம். வெளியாள் வாசல் காவலைத் தாண்டுவது கஷ்டம்.

மெய்துவான் போன்ற டெலிவரி ஆப்பில் சிங்ஜென் கடைகளைத் தேடி வரவழைக்கலாம். மழையிலும் இரவு பத்து மணிக்கும் அறை வாசலுக்கு வரும். ஆனால் முகவரியைச் சீனத்தில் போட வேண்டும், டெலிவரி ஆள் போனில் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். ஹோட்டல் வரவேற்பறைப் பெண்ணிடம் உதவி கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு குறை: ஆப்பில் கடையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாது. ஏற்கெனவே நேரில் சாப்பிட்ட கடையிலிருந்து வரவழைப்பதற்கே நான் இதைப் பயன்படுத்தச் சொல்வேன். எந்த வழியானாலும் கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் உங்கள் வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவானுக்குள் கட்டணமில்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம்.

பெட்டிச் சாப்பாட்டை நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கறி, முட்டை, பால் பொருள்களைப் பயணிகள் சீனாவுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. வீட்டில் செய்த மட்டன் தொக்கு விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். அவல், ஓட்ஸ், பருப்புப் பொடி, பேரீச்சம்பழம் போதும். ஹோட்டல் அறைகளில் கெட்டில் இருக்கும். ரயில் நிலையத்திலும் ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் கொதிநீர்க் குழாய் இருக்கும். வடமேற்குத் தடங்களில் சிங்ஜென் பார்சல் சாப்பாடு வண்டியிலேயே கிடைப்பதுண்டு, தெற்கே அதை நம்பி ஏறாதீர்கள். விமானத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக்கான குறியீடு எம்.ஓ.எம்.எல்.; ஒரு நாளைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | நம்பிக்கை | வேகம் | ஆள் ஒன்றுக்குச் செலவு | கைகொடுக்கும் இடம் |
|---|---|---|---|---|
| லான்ஜோ நூடுல்ஸ் கடை | அதிகம், எழுத்தைப் பார்த்தபின் | மிக வேகம் | 15–25 யுவான் | ஏறக்குறைய எல்லா ஊரும் |
| ஷின்ஜியாங் உணவகம் | அதிகம், பீர் இருக்கலாம் | நடுத்தரம் | கூடுதல். கூட்டமாகப் போனால் குறையும் | பெரிய நகரங்கள் |
| முஸ்லிம் தெரு | மிக அதிகம் | கடையைப் பொறுத்து | குறைவு, போக்குவரத்து தனி | ஷியான், பெய்ஜிங், குவாங்சோ, யீவூ |
| பன்னாட்டுச் சிக்கன் கடை | இல்லை | மிக வேகம் | கணக்கில் இல்லை | காபிக்கு மட்டும் |
| புத்த சைவம் | நன்று | கோயில் கடை வேகம் | கோயில் கடையில் குறைவு | கிழக்கு, தெற்கு நகரங்கள் |
| கேன்டீன் | அதிகம் | வேகம் | 10–15 யுவான் | மாணவர் துணை இருந்தால் |

## யாருக்கு எது

குவாங்சோ கண்காட்சிக்குப் போகிற வியாபாரி ஷியாவ்பெய் பக்கம் அறை எடுப்பதே பாதிச் சாப்பாட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். கண்காட்சி அரங்கிலிருந்து தூரம்தான், ஆனால் மெட்ரோவில் வந்து இறங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஏமனி, துருக்கி, உய்குர் என்று வரிசையாக இருக்கும். மதியம் அரங்கில் நான் ரொட்டியும் பேரீச்சம்பழமும் பையில் இருந்தால் போதும். யீவூவில் இதுகூட வேண்டாம், சந்தையைச் சுற்றியே கடைகள்.

ஷியான், லான்ஜோ, ஷினிங், யின்சுவான் என்று வடமேற்கே சுற்றுலா போகிறவர் இந்தக் கட்டுரையையே மறந்துவிடலாம். அங்கே சிங்ஜென் கடை சாதாரணக் கடை. பெட்டியில் எதையும் சுமக்காதீர்கள்.

பேணுதலில் ஒரு நூல்கூடத் தளராதவர், பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளையும் குடும்பம் நடத்தும் நூடுல்ஸ் கடைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதி வேளைக்குப் புத்த சைவத்துக்குப் போகலாம். பீர் விற்கும் ஷின்ஜியாங் கடையைவிட அது மேல் என்பது என் எண்ணம். கறி ஹலாலாக இருந்தால் போதும், பக்கத்து மேசை நமக்கெதற்கு என்பவருக்கு ஷின்ஜியாங் கடைதான் முதல் தேர்வு; ருசியில் வேறெதுவும் அதன் பக்கத்தில் வராது.

ஷாங்காய் விமான நிலையத்தில் சில மணி நேரம் மட்டும் இருப்பவர் நகரத்துக்குள் ஓட வேண்டாம். முன்பதிவு செய்த விமானச் சாப்பாடும் கைப்பையில் இருக்கும் பலகாரமும் போதும். இரவு தங்கல் என்றால் மட்டும் ஹோட்டல் பக்கத்தில் லாமியன் கடை இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் நூடுல்ஸ் கடையே சரி. தக்காளி முட்டை நூடுல்ஸ் கேளுங்கள், பெரும்பாலான பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிடும். மிளகாய் வேண்டாம் என்பதற்கு 'பூ யாவ் லா' என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு மேசையிலேயே மிளகாய் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும்.